மலையில் வளரும் குழந்தைக்கு முதல் நீச்சல்: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

ஒரு வயதிலிருந்து நான்கு வயதுக்குள் இருக்கிற குழந்தையை முதல்முறையாக நீச்சலுக்குக் கூட்டிப்போக நினைக்கிற, கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிர் ஊரில் குடியிருக்கிற பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் மகளுக்கு இரண்டரை வயதில் ஆரம்பித்தேன். அப்புறம் எங்கள் தெருவிலும் சொந்தத்திலும் ஏழெட்டுக் குழந்தைகளோடு தண்ணீரில் நின்றிருக்கிறேன். திணறியவர்கள் எல்லோருமே கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் திணறினார்கள். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்தார்கள்.

இந்த வயதில் கை வீசி, கால் அடித்து நீந்துவது இலக்கு அல்ல. மூன்றே மூன்று போதும்: கேட்காமல் தண்ணீர்ப் பக்கம் போகாமல் இருப்பது, தவறி விழுந்தால் திரும்பி ஓரத்தைப் பிடிப்பது, பிடித்த இடத்திலிருந்து தானே ஏறி வெளியே வருவது. கீழே உள்ள வரிசை முழுவதும் இந்த மூன்றுக்காகத்தான்.

1. முதலில் வீட்டைச் சுற்றி ஒரு நடை

வகுப்பில் சேர்க்கும் முன்னால் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து வீட்டைச் சுற்றி வாருங்கள். இந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம் என்பதால் வாளிக்குள் எட்டிப் பார்க்கிற குழந்தை தலைகீழாக விழுந்தால் தன் பலத்தில் நிமிர முடியாது. இரண்டு அங்குலத் தண்ணீர் போதும், மூக்கும் வாயும் மூடிவிடும்.

நம் ஊரில் தினமும் குழாயில் தண்ணீர் வராத வீடுகள் நிறைய. டிரம், அண்டா, பாத்ரூம் வாளி என்று எப்போதும் ஏதாவது நிரம்பியே இருக்கும். பிடித்து வைக்காமல் வாழ முடியாதுதான், ஆனால் டிரம்முக்கு இறுக்கமான மூடி, சம்ப்புக்குப் பூட்டு, பாத்ரூம் கதவுக்குக் குழந்தை எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், இந்த மூன்றையும் இந்த வாரமே செய்துவிடுங்கள். குளித்து முடித்த டப்பை அப்போதே கவிழ்த்து வையுங்கள்.

அதைவிட எனக்குப் பயம் தருவது கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களில் பிளாஸ்டிக் ஷீட் விரித்த குட்டைதான். சரிவான ஓரம், நனைந்த ஷீட், பிடிக்க ஒன்றும் கிடையாது. உள்ளே வழுக்கிய பெரியவரே ஏறி வரத் திணறுவார். நான்கு பக்கமும் குறைந்தது நான்கடி உயர வேலி, தானாகச் சாத்திக்கொள்ளும் படல் அல்லது கேட், ஓரத்தில் முளைக்கட்டையில் கட்டி உள்ளே தொங்கவிட்ட முடிச்சுக் கயிறு ஒன்று. பக்கத்துத் தோட்டத்துக் குட்டையாக இருந்தாலும் போய்ப் பேசுங்கள், சங்கடப்பட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குட்டை நிரம்புவதற்குள் பேசிவிடுங்கள்.

2. குழந்தைக்கு முன்னால் நீங்கள் கற்க வேண்டியது

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். மூச்சு நின்ற குழந்தைக்கு மூச்சுக் கொடுத்து நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். முறையை வீட்டில் இரண்டு பேராவது கற்றிருக்க வேண்டும். பிராணவாயு இல்லாமல் சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும் மலைப்பாதையில் அந்தச் சில நிமிடத்துக்குள் வந்து சேரும் என்று நம்பி உட்கார முடியாது.

தண்ணீரிலிருந்து எடுத்த குழந்தை கூப்பிட்டாலும் அசையவில்லை, சரியாக மூச்சும் விடவில்லை என்றால், கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் அவரை 108 அழைக்கச் சொல்லுங்கள், தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். நீரில் மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. அதனால் தலையைச் சற்றே பின்சாய்த்து, மோவாயை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, நெஞ்சு மேலெழும்புகிற அளவுக்கு ஐந்து முறை வாய்வழியாக ஊதுங்கள். அப்புறம் நெஞ்சின் நடு எலும்பில், கீழ்ப்பாதியில், ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து 30 அழுத்தம், 2 ஊதல் என்று மாறி மாறி. அழுத்தம் நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 5 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம். ஒரு வயதுக்குக் கீழே என்றால் மூக்கையும் வாயையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி ஊத வேண்டும், அழுத்தம் சுமார் 4 சென்டிமீட்டர்.

காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, இரண்டும் வேண்டாம். நுரையீரலுக்குக் காற்று போக வேண்டிய நேரம் அதில் வீணாகும், வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கூட்டத்தில் யாராவது ஒரு பெரியவர் "குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று குழந்தையை வாங்க வருவார், கொடுக்காதீர்கள்.

படித்தால் மட்டும் கை பழகாது. செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன. பொம்மை மேல் ஒருமுறையாவது அழுத்திப் பார்த்தால்தான் எவ்வளவு பலம் தேவை என்று தெரியும்.

3. டாக்டரிடம் ஒரு வார்த்தை

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் ஒரு வயதிலிருந்தே நீச்சல் பழக்கத்தைத் தொடங்கலாம் என்கிறது. ஆனாலும் வலிப்பு வந்த குழந்தை, இதயக் கோளாறு, அடிக்கடி காது சீழ், வீசிங் இருக்கிற குழந்தை என்றால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். வயிற்றுப்போக்கு இருக்கும்போது குளத்தில் இறக்கவே கூடாது, மற்றக் குழந்தைகளுக்கும் பரவும்.

4. எந்த மாதம், எந்தக் குளம்

பெரியவர்கள் நீந்துகிற குளத்துத் தண்ணீர் 26, 27 டிகிரி இருந்தாலே அவர்களுக்குச் சுகம். மூன்று வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு 31 முதல் 33 டிகிரி வேண்டும். எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோல் பரப்பு அதிகம், அதனால் சூடு வேகமாக வெளியேறும். குளிரில் நடுங்குகிற குழந்தை எதையும் கற்காது, "தண்ணீர் என்றால் வலி" என்பதை மட்டும் கற்கும். அதை மறக்கடிக்க மாதங்கள் ஆகும்.

ஆகவே மலையில் மார்ச் முதல் மே வரை, அதுவும் வெயில் ஏறி 11 மணிக்கு மேல். சூடாக்கிய குளம் என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், குழந்தைக் குளியலுக்கு விற்கிற தெர்மாமீட்டரைக் கொண்டுபோய் நீங்களே முக்கிப் பாருங்கள். முதல் தடவை நான் கையை மட்டும் விட்டுப் பார்த்துவிட்டு இறக்கினேன். ஊட்டிக் குளிருக்குப் பழகிய கைக்கு 25 டிகிரியும் வெதுவெதுப்பாகத்தான் பட்டது, மகளுக்கு நான்கே நிமிடத்தில் உதடு நீலமாகிவிட்டது.

பக்கத்தில் அப்படி ஒரு குளம் இல்லாமல் மேட்டுப்பாளையம், கோவை அல்லது வத்தலக்குண்டு, மதுரை பக்கம் இறங்குகிறீர்கள் என்றால், பாதையையும் கணக்கில் சேருங்கள். குன்னூரிலிருந்து இறங்கும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு. வாந்தி எடுத்துச் சோர்ந்த குழந்தையை நேராகத் தண்ணீரில் இறக்குவதைப் பலமுறை பார்த்துவிட்டேன், எதுவும் நடக்காது, அழுகைதான் மிஞ்சும். கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இரண்டு இட்லி மாதிரி லேசாகக் கொடுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு மணி நேரம் நிழலில் ஓடி விளையாட விடுங்கள். பிறகு பாடம்.

குளத்தில் போய்ப் பார்க்க வேண்டியவை: குழந்தை நின்றால் நெஞ்சளவுக்கு மேல் வராத ஆழமற்ற பகுதி இருக்கிறதா, தரை தெளிவாகத் தெரிகிறதா, அடியில் தண்ணீர் உறிஞ்சும் துவாரத்துக்கு மூடி உடையாமல் இருக்கிறதா. தரை தெரியாமல் கலங்கியிருந்தால் திரும்பிவிடுங்கள், கொடுத்த காசு போனால் போகட்டும்.

5. பையில் இருக்க வேண்டியவை

இரண்டு பெரிய டவல், காதை மூடுகிற கம்பளிக் குல்லா, ஸ்வெட்டர், சாக்ஸ், ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பான பால் அல்லது ராகிக் கூழ். சாதாரண டயப்பர் தண்ணீரை உறிஞ்சி ஊதிக் கனத்துவிடும், அதனால் நீச்சல் டயப்பர். அது மலத்தை ஓரளவு தாங்குமே தவிர மூத்திரத்தைத் தடுக்காது, ஆகவே அரை மணிக்கு ஒருமுறை கழிப்பறைக்குக் கூட்டிப்போங்கள்.

உடை ஆரஞ்சு, அடர் பிங்க் மாதிரி கண்ணைப் பறிக்கிற நிறத்தில் இருக்கட்டும். நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். திறந்த வெளிக் குளம் என்றால் முழுக்கை உடை. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது, ஊட்டி 2240 மீட்டர். காற்று சில்லென்று இருப்பதால் வெயில் சுடுவது தெரியாது, சாயங்காலம்தான் கன்னம் சிவந்திருப்பதைப் பார்ப்போம்.

6. வீட்டுக் குளியலில் மூன்று வாரம்

குளத்துக்குப் போகும் முன்னால் இதை முடித்துவிடுங்கள். பழகிய இடம், பழகிய சூடு, பழகிய கை. புதுச் சத்தமும் புது ஆட்களும் இல்லாதபோது தண்ணீர் ஒன்றுதான் புதுசு.

பாய்லர் தண்ணீரோ கீசர் தண்ணீரோ, டப்பில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் சூடு. மாற்றிச் செய்தால் குழந்தை சுடுதண்ணீருக்குள் கையை விட்டுவிடும். 37 டிகிரியைத் தாண்ட வேண்டாம், தெர்மாமீட்டர் இல்லையென்றால் முழங்கையை வைத்துப் பாருங்கள்.

முதல் வாரம் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லி, மூன்றில் ஒரு சொம்பு தண்ணீரைத் தோளில் ஊற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் மூன்று என்றதும் குழந்தை தானாகக் கண்ணை மூடித் தயாராகும். அப்புறம் தோளிலிருந்து பின்தலை, அங்கிருந்து உச்சி, நெற்றி. சொல்லாமல் முகத்தில் தெளிப்பது விளையாட்டு இல்லை, அந்த ஒரு தடவையில் நீங்கள் சொல்லும் எண்ணிக்கைக்கு மதிப்புப் போய்விடும்.

இரண்டாவது வாரம் ஊதுவது. உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து "காபி சூடா இருக்கு, ஊது" என்று சொன்னால் ஊதாத குழந்தையை நான் பார்த்ததில்லை. பிறகு வாயைத் தண்ணீரில் வைத்துக் குமிழி விடுவது. வாய் தண்ணீரில் இருக்கும்போது காற்றை வெளியே விட வேண்டும், உள்ளே இழுக்கக் கூடாது என்பது இங்கேதான் பதிகிறது.

மூன்றாவது வாரம் உங்கள் முன்கையில் பின்தலையைச் சாய்த்து, காது நனையும் வரை மல்லாக்கப் படுக்க வைப்பது. காதில் தண்ணீர் போனால் சத்தம் மாறும், பல குழந்தைகள் திடுக்கிடுவது அதற்குத்தான். பாட்டுப் பாடிக்கொண்டே செய்யுங்கள், மூன்று நொடி போதும்.

இந்த மூன்று வாரமும் சேர்த்து ஒரு விதி: "போகலாமா?" என்று குழந்தை கேட்டு, நீங்கள் "வா" என்று சொன்ன பிறகுதான் டப்பில் கால். வீட்டிலேயே பழகினால் குளத்திலும், நாளைக்கு ஆற்றங்கரையிலும் அந்தக் கால் நிற்கும். பேச்சு வராத குழந்தை உங்கள் கையைத் தொட்டால் போதும்.

இடையில் போன் அடித்தாலோ காலிங் பெல் அடித்தாலோ குழந்தையை டவலில் சுற்றித் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அக்காவையோ அண்ணனையோ "பாத்துக்கோ" என்று விட்டுப்போக வேண்டாம், எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பொறுப்பு ஆகாது.

7. குளத்தில் முதல் நாள்: பத்து நிமிடம்

ஓரத்தில் இருவரும் உட்கார்ந்து காலை நனையுங்கள். வீட்டில் செய்த அதே சொம்பு, அதே எண்ணிக்கை. பிறகு நீங்கள் முதலில் இறங்கி, குழந்தையைக் கேட்க வைத்து, "வா" என்று சொல்லி நெஞ்சோடு அணைத்து இறக்குங்கள். உங்கள் தோள் தண்ணீருக்குள் இருக்கட்டும், அப்போதுதான் உங்கள் முகமும் அதன் முகமும் ஒரே மட்டத்தில் வரும். நீங்கள் நிமிர்ந்து நின்றால் குழந்தை உங்கள் கழுத்தில் ஏறத்தான் பார்க்கும்.

குமிழி விடுங்கள், நடங்கள், பாடுங்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஏற்றிவிடுங்கள். "இவ்வளவு தூரம் வந்தாச்சே, இன்னும் கொஞ்ச நேரம்" என்று இழுத்தால் கடைசி நினைவு குளிரும் அழுகையுமாக ஆகிவிடும். அடுத்தடுத்து 15, 20 என்று கூட்டி, அதிகபட்சம் 30 நிமிடத்தில் நிறுத்துங்கள்.

8. அடுத்த எட்டு, பத்து வாரம்: இந்த வரிசையில்

முதலில் சுவர். இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்வது. நீங்கள் பின்னால், கை இடுப்பருகே. இது வந்துவிட்டால் ஏணி எங்கே இருந்தாலும் குழந்தை அங்கே போய்ச் சேரலாம்.

அடுத்து வெளியே ஏறுவது. "முழங்கை, முழங்கை, வயிறு, முட்டி" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாக. இதைத் தூக்கிவிட்டுச் செய்யாதீர்கள், அடியில் லேசாகத் தாங்குங்கள். மிதப்பதற்கு முன்னால் ஏறுவதைக் கற்றுத்தருவது ஏன் என்று நிறையப் பேர் கேட்பார்கள். குழந்தைகள் தவறி விழுவது பெரும்பாலும் ஓரத்தில்தான். விழுந்த இடத்திலிருந்து பிடிமானம் ஒரு சாணோ ஒரு முழமோதான் தள்ளி இருக்கும், அந்தத் தூரத்துக்குத் தேவை திரும்புவதும் ஏறுவதும்தான். என் மகளுக்கு இது வர ஐந்து வாரம் ஆனது.

மூன்றாவது, மல்லாந்து மிதப்பது. தலை உங்கள் தோளில், கன்னத்தோடு கன்னம், பிறகு மெல்ல முன்கைக்கு, பிறகு உள்ளங்கைக்கு. வயிறு மேலே, மோவாய் மேலே. இந்த வயதில் எல்லோருக்கும் இது பிடிக்காது. அடம் பிடித்தால் இரண்டு வாரம் விட்டுவிட்டு வாருங்கள்.

நான்காவது, குதி, திரும்பு, பிடி. ஓரத்தில் உட்கார்ந்த குழந்தை உங்கள் "வா"வுக்குப் பிறகு உங்கள் கைக்குள் சறுக்கி இறங்க, நீங்கள் உடனே சுவர்ப் பக்கம் திருப்பி ஓரத்தைப் பிடிக்க வையுங்கள். இருபது, முப்பது முறை திருப்பிவிட்ட பிறகு ஒரு நாள் அதுவே திரும்பும். தலை முழுகுவது இங்கே தானாக ஒரு நொடி நடக்கும். அதற்கு முன்னால் வேண்டுமென்றே முக்காதீர்கள்.

பழகியதும் ஒரு நாள் பாவாடை, ஸ்வெட்டர் என்று அன்றாட உடையோடு, வெதுவெதுப்பான தண்ணீரில், கையில் பிடித்தபடி இறக்கிப் பாருங்கள். தண்ணீரில் விழுகிற குழந்தை நீச்சல் உடையிலா இருக்கும்? நனைந்த கம்பளியின் கனம் புதுசாக இருக்கும், அது உங்கள் கையில் இருக்கும்போதே தெரிந்துவிடட்டும்.

9. அடிக்கடி பார்க்கிற தவறுகள்

கையில் மாட்டுகிற காற்றுப்பை. குழந்தை அதை நம்பி நிமிர்ந்து நிற்கப் பழகும், அந்த நிலையில் அது இல்லாமல் மிதக்க முடியாது. நழுவும், காற்று இறங்கும். அதைவிட மோசம், "எனக்கு நீந்தத் தெரியும்" என்ற எண்ணம் குழந்தைக்கு வந்து, மாட்டாத நாளிலும் குதிக்கும்.

தூக்கிப் போட்டால் தானாகக் கற்கும் என்று கிணற்றில் கற்ற மாமா ஒருவர் சொல்வார். பத்து வயதில் அவருக்கு அது வேலை செய்திருக்கலாம். இரண்டு வயதுக் குழந்தை தண்ணீரை நிறைய விழுங்கும், ரத்தத்தில் உப்பு அளவு குறைந்து மயக்கம், வலிப்பு வரைக்கும் போகலாம்.

"இத்தனை பேர் இருக்கோமே." ஒரு விடுதிக் குளத்தில் நாங்கள் நான்கு பெரியவர்கள் கரையில் இருந்தோம். ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். படியில் உட்கார்ந்திருந்த மகள் ஒரு படி வழுக்கி இறங்கிவிட்டாள். சத்தமே வரவில்லை. கத்தவில்லை, கை ஆட்டவில்லை, முகம் வானத்தைப் பார்த்தபடி வாய் மட்டும் தண்ணீருக்கு மேலும் கீழுமாகப் போனது. இரண்டடி தள்ளியிருந்த நான் திரும்பிப் பார்த்தது தற்செயல்தான். மூழ்குகிற குழந்தையால் கூப்பிட முடியாது, மூச்சுக்கே காற்று இல்லாதபோது குரல் எங்கிருந்து வரும்?

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சிவப்புத் துண்டு இருக்கிறது. அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவர்தான் காவல். போன் கிடையாது, பேச்சு கிடையாது, கை நீட்டினால் குழந்தை தொடுகிற தூரம். 15 நிமிடம் ஆனதும் "உன்கிட்ட" என்று வாய்விட்டுச் சொல்லி அடுத்தவர் கழுத்தில் போட வேண்டும். நீச்சல் மாஸ்டர் பக்கத்தில் இருந்தாலும் துண்டு கழற்றப்படாது, அவருக்கு இன்னும் ஆறு குழந்தைகளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

10. வெளியே வந்ததும்

நடுக்கம், நீல உதடு, திடீர் அமைதி, மூன்றில் எது தெரிந்தாலும் அந்த நொடியே வெளியே. முதலில் தலையைத் துவட்டிக் குல்லா, பிறகு உடம்பு, பிறகு வெதுவெதுப்பான பால். மலைக்காற்றில் ஈர உடையோடு நிற்க வைத்துப் போட்டோ எடுக்க வேண்டாம். காதுக்குள் பட்ஸ் விடாமல், தலையைச் சாய்த்து வெளிப்புறம் மட்டும் துடைத்தால் போதும். சாம்பிராணி போடுவதானால் அறையில் போட்டுப் புகை அடங்கிய பிறகு குழந்தையைக் கூட்டிப்போங்கள்.

தண்ணீருக்குள் திணறி எடுத்த குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை, மூச்சு வேகமாக வாங்குகிறது, வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம் என்றால், "சரியாயிடும்" என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

11. ஏரி, அணை, அருவி

குளத்தில் கற்ற எதுவும் இங்கே செல்லாது. அவலாஞ்சி, எமரால்டு மாதிரி அணைத் தண்ணீர் சில்லிட்டுக் கிடக்கும், கரையிலிருந்து சட்டென்று ஆழமாகிவிடும். குளிர்ந்த நீரில் விழுந்தால் தன்னை அறியாமல் மூச்சு இழுக்கும், அந்த முதல் மூச்சிலேயே தண்ணீர் உள்ளே போகும். கொடைக்கானல் பக்கம் மேலே மழை பெய்தால் கீழே கும்பக்கரை அருவியில் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். இந்த இடங்களில் குழந்தையின் கை உங்கள் கையில் இருக்கட்டும், காலை நனைக்கவும் இறக்காதீர்கள்.

ஊட்டி, கொடைக்கானல், பைக்காரா படகுகளில் லைஃப் ஜாக்கெட் கொடுப்பார்கள், பெரும்பாலும் பெரியவர் அளவு. குழந்தையின் எடைக்கு ஏற்றதாகவும் தொடைகளுக்கு நடுவே பட்டை உள்ளதாகவும் சொந்தமாக ஒன்று வாங்கிவிடுங்கள். மாட்டி எல்லாப் பட்டையையும் இறுக்கிய பிறகு, தோள் பக்கம் இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிது, அதைப் போட்டுப் படகில் ஏற வேண்டாம்.